மேசை டிராயரில் இரண்டு டி.சி.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர்கள் ஏழு பேர் வந்து போயிருந்தார்கள். எழுத்தர் மட்டும் ஒருத்திதான். பத்தொன்பது வருடமாக அதே ஜன்னலோரம், அதே மர மேசை. பிள்ளைகளும் சரி, பிள்ளைகளைப் பெற்றவர்களும் சரி, அவளை 'ஆபீஸ் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய வீட்டுக்காரரே ஒரு தடவை பள்ளிக்குப் போன் போட்டு வாய்தவறி, "ஆபீஸ் அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் எதிரே இருந்த மோட்டார் கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டுபவர். தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் செய்கிற கம்பெனி அது. அந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்தார்கள். கம்பெனிச் சங்கு ஊதினால்தான் பள்ளி மணி அடிக்கும். சங்கு ஐந்து நிமிடம் பிந்தினால் பள்ளியும் பிந்தும். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

ஆபீஸ் அக்காவின் வேலை கணக்கில் அடங்காது. சேர்க்கைப் பதிவேடு எழுதுவாள், வருகையைக் கூட்டுவாள், சான்றிதழ்கள் எழுதுவாள். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருகிறவனுக்கு மருந்து போடுவாள். பல் விழுந்தவளுக்குப் பல்லைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தனுப்புவாள். முக்கியமாக, தேதி முடிந்து வந்த எந்தப் பிள்ளையையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை. "சேர்க்கை போன வாரமே முடிஞ்சுபோச்சேம்மா" என்று தலைமையாசிரியர் இழுப்பார். "தேதிதானே சார், நாமதானே போடறோம்" என்று சொல்லிக்கொண்டே போன வாரத் தேதியைப் போட்டுவிடுவாள்.

முதலில் போனது, மோட்டாருக்குள் வைக்கும் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றுகிற காயில் பிரிவு. ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு புதிய தொழில் நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கம்பெனிக்கு இடம் சும்மா கொடுத்தார்களாம், வரியும் கிடையாதாம். கேட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். "ஒரு பிரிவு போனா என்ன, கம்பெனியேவா போகுது?" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மறு வருடம் பெயின்ட் அடிக்கும் பிரிவு போனது. அப்போதும் டீக்கடையில் அதையே சொன்னார்கள், குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்து இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்படப் பிரிவு போனது. அதற்கப்புறம் சொல்வதற்கு டீக்கடையே இல்லை.

பள்ளி மாறிப் போகிற பிள்ளைக்குக் கொடுக்கிற மாற்றுச் சான்றிதழை எல்லோரும் டி.சி. என்றுதான் சொல்வார்கள். நூறு தாள் கொண்ட டி.சி. புத்தகம் ஒன்று முன்பெல்லாம் நான்கு வருடம் வரும். காயில் பிரிவு போன வருடம் அது மூன்றே மாதத்தில் தீர்ந்தது. புதுப் புத்தகம் வாங்கப் போனபோது அச்சகக்காரர், "என்னக்கா, நம்ம சரக்குல இதுதான் நல்லா ஓடுது போல?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். அடுத்த வருடம் அச்சகத்தின் கதவிலும் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது.

ஊர் காலியாவது சத்தம் போட்டு நடக்கவில்லை. பள்ளிச் சீருடை தைத்த தையல்காரர் ஒரு நாள் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பால் ஊற்றுகிற அம்மாள், முன்பு தெருவுக்கு இரண்டு நடை வந்தவள், ஒரே நடையில் முடித்துக்கொண்டு, "காலு வலி மிச்சம்" என்று சொல்லிப் பார்த்தாள். முகத்தில் மட்டும் சிரிப்பு ஒட்டவில்லை. மத்தியான ஷிப்டுக்கு ஓடிய பேருந்தை நிறுத்தினார்கள். கடைசியாக லேத் பிரிவும் மூடியது. வீட்டுக்காரர் கையில் ஒரு கவரைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இருபத்தாறு வருடம் மிஷின் முன்னால் நின்ற மனுஷர். சும்மா உட்காரத் தெரியாமல் வீட்டிலிருந்த ஸ்க்ரூ ஒன்று விடாமல் முடுக்கினார். கதவு, கட்டில், மின்விசிறி என்று எல்லாம் ஆயிற்று. ஜாடி மூடிகளைக்கூட அவர் மூடினால் வேறு யாராலும் திறக்க முடியவில்லை. "ஏங்க, இந்த வீட்டுல இன்னும் முடுக்காம இருக்கிறது நான் ஒருத்திதான். என்னை விட்டுடுங்க" என்றாள் அவள். அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிற மகனின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இனி வீட்டுக்கு ஒரே சம்பளம் அவளுடையது.

பள்ளியில் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். இருநூற்றுப் பத்தானார்கள். நூற்றுப் பதினெட்டானார்கள். ஒன்பது வகுப்பறைகளில் ஐந்தைப் பூட்டினார்கள். இரண்டு இரண்டு வகுப்பாகச் சேர்த்து உட்காரவைத்தார்கள். எண்ணிக்கை அதற்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசி வேலை நாளில் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பிள்ளைகளை எண்ணுவார். அறுபதுக்குக் குறைந்திருந்தால் பள்ளியை மூடி, நான்கு கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டில் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தது.

அவள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வகுப்பு வகுப்பாகப் போய்த் தானே எண்ணினாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினாள். அறுபத்தொன்று.

"தப்பிச்சோம் சார்" என்றாள் தலைமையாசிரியரிடம்.

அவருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய சார்'. "மாசக் கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் காய்ச்சல் வராம இருக்கணுமேம்மா" என்று உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டார்.

மறு வாரம், இருபத்தோராம் தேதி, ரேடியோவின் அம்மா வந்து நின்றாள்.

ரேடியோ எட்டாம் வகுப்பில் படித்த பெண். வாயை மூடத் தெரியாது. 'அணைக்கப் பட்டன் இல்லாத ரேடியோ' என்று பெரிய சார் ஒரு நாள் சொல்ல, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுடைய தம்பி மூன்றாம் வகுப்பு. அவன் பேசி யாரும் கேட்டதில்லை. அக்கா இடம் கொடுத்தால்தானே பேசுவான்! அப்பா முந்தின மாதமே புதிய நகரத்துக்குப் போய்க் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்துவிட்டார். காயில் சுற்றத் தெரிந்த அம்மாவுக்கும் அங்கே வேலை இருந்தது.

"ரூம் கிடைச்சிருச்சுக்கா. பசங்க ரெண்டு பேருக்கும் டி.சி. வேணும். அங்க ஸ்கூல்ல மாசக் கடைசிக்குள்ள சேர்த்தாகணும்னு சொல்லிட்டாங்க."

ஆபீஸ் அக்காவுக்கு அறுபத்தொன்றில் இரண்டு போனால் எவ்வளவு என்று கணக்குப் போடக் காகிதம் வேண்டியிருக்கவில்லை.

"எழுதி வைக்கிறேன்மா. சார் கையெழுத்துப் போடணும். ரெண்டு நாள்ல வா."

அன்றே எழுதினாள். பெரிய சார் முன் வைத்த தாள்களில் அவையும் இருந்தன. அவர் வழக்கம்போல் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தியாகிவிட்டது. இரண்டு டி.சி.க்களையும் உறையில் போட்டாள். உறையை மேசை மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிராயரைத் திறந்து உள்ளே தள்ளிப் பூட்டினாள்.

இதைச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதுதான் பிற்பாடு அவளை அரித்தது. அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியதெல்லாம் வேறு: ஒன்பது நாள் பொறுத்தால் ஐம்பத்தொன்பது பிள்ளைகள் நான்கு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. மாசக் கடைசி என்று சொல்வார்கள், அப்புறம் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள். எந்தப் பள்ளிதான் பிள்ளையைத் திருப்பி அனுப்பும்? அவள் அனுப்பியிருக்கிறாளா?

அன்று சாயங்காலம் பெரிய சாரிடம் மெல்லச் சொன்னாள். "ரேடியோ வீட்டுல டி.சி. கேட்டாங்க சார். இன்னும் கையெழுத்து ஆகலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நெடுநேரம் துடைத்தார். "நீ எதுவும் சொல்லல. நானும் எதுவும் கேக்கல" என்றார்.

இருபத்து மூன்றாம் தேதி ரேடியோவின் அம்மா வந்தாள். சார் மீட்டிங் போயிருக்கிறார் என்றாள் இவள். இருபத்தாறாம் தேதி வந்தாள். முத்திரையைப் புதுசாகச் செய்யக் கொடுத்திருக்கிறோம் என்றாள் இவள். சொல்லும்போது முத்திரை அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நைசாக ஒரு பதிவேட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"வீட்டைக் காலி பண்ணிட்டோம்கா. அடுத்த வீட்டுலதான் படுக்கிறோம். அவங்களும் எத்தனை நாள் பொறுப்பாங்க?" என்றாள் ரேடியோவின் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களின் குரல் அது.

"ஆயிடும்மா. நானே உனக்குச் சொல்லி அனுப்பறேன்."

ரேடியோவின் அம்மா தலையை ஆட்டிவிட்டு வராந்தா பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து எழுந்து போனாள். அன்று மத்தியானம் ஆபீஸ் அக்கா கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள்.

முப்பதாம் தேதி அதிகாரி வந்தார். நல்ல மனுஷர். டீ குடித்தார், பூட்டியிருந்த வகுப்பறைகளைப் பார்த்து 'அடடா' என்றார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பெயரைக் கேட்டு, ஒவ்வொருவராக டிக் அடித்தார். ரேடியோவிடம், "உனக்கு இந்த ஸ்கூல் பிடிக்குமா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அவள் ஆரம்பித்தாள். பின்பக்கக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதில் தொடங்கி, ஆறாம் வகுப்புக் கூரையில் அணில் குட்டி போட்டது வரைக்கும் ஒப்பித்தாள். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். தாளின் கீழே 'அறுபத்தொன்று' என்று எழுத்தால் எழுதி, எண்ணாலும் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

அவருடைய வண்டி கேட்டைத் தாண்டியபோது மணி மூன்றே முக்கால். ஆபீஸ் அக்கா டிராயரைத் திறந்து உறையை எடுத்து, ரேடியோவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தெருவில் இறங்கினாள். ரேடியோவின் அம்மா கையில் அதைக் கொடுத்தபோது இவளுக்கு மூச்சு வாங்கியது.

"அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சிடு. நாளைக்குக் காலையில முதல் ஆளா ஸ்கூல்ல போய் நில்லு. ஒரு நாள்தானே, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ரொம்ப நன்றிக்கா. எங்களுக்காக இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கீங்க" என்றாள் அவள். பிள்ளைகள் இருவரையும் பையோடு பையாகத் திரட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

பள்ளியில் அன்று எல்லோருக்கும் பிஸ்கட். பெரிய சாரே ஓடி ஓடிக் கொடுத்தார். ஆபீஸ் அக்கா ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். தின்னவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஆணை வந்தது. அறுபது இல்லை, நூறு பேருக்குக் குறைவாக இருக்கும் பள்ளிகள் அனைத்தும் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்க்கப்படும் என்று ஒரு பட்டியல். அதில் இவர்களுடையது பதினான்காவது பெயர். ஆபீஸ் அக்கா இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் மேலே இருந்த தேதி கண்ணில் பட்டது. முந்தின மாதம் இருபத்து மூன்று. அதாவது, அதிகாரி வந்து எண்ணியதற்கு ஒரு வாரம் முன்பே முடிவாகியிருந்தது.

"எண்ணிட்டுப் போனாரே சார்?" என்றாள்.

"எண்ணச் சொன்னாங்க, எண்ணினாரு" என்றார் பெரிய சார். இருவரும் அந்தத் தாளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அதே வாரம் ரேடியோவின் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பையனைச் சேர்த்துக்கிட்டாங்க. பெரியவளை முடியாதுன்னுட்டாங்க. சின்ன கிளாஸுக்கு இன்னும் தேதி இருக்காம், இடமும் இருந்துச்சாம். எட்டாம் கிளாஸ் நிறைஞ்சு, சேர்க்கையும் முடிஞ்சுபோச்சாம். அடுத்த வருஷம் வான்னு சொல்றாங்க. சார்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்பறீங்களா?"

லெட்டர் போனது. பதில் இல்லை. இன்னொரு லெட்டர் போனது. அதற்கும் இல்லை. கடைசியில் ஆபீஸ் அக்கா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, விடியும் முன் பஸ் ஏறினாள். எதற்குப் போகிறாள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. "ஒரு பிள்ளையோட அட்மிஷன் விஷயம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நகரத்தில் எல்லாம் புதிதாக இருந்தது. ரோடு, விளக்குக் கம்பம், கம்பெனிச் சுவர்கள். தகரக் கூரை போட்ட அறைகள் வரிசை வரிசையாகக் கண்ணுக்கெட்டும் மட்டும் போயின. ஒவ்வொரு வாசலிலும் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வராந்தாவில் ஒரு வகுப்பு நடந்தது. மாடிப்படியில் ஒரு வகுப்பு. பெஞ்சுக்கு ஐந்து பேர், போதாமல் தரையில் இருபது பேர். ஒரு டீச்சர் பிள்ளைகளைத் தாண்டித் தாண்டிக் கரும்பலகைக்குப் போனாள். கம்பெனியைப் போல இங்கேயும் காலை ஒரு பள்ளி, மாலை ஒரு பள்ளி என்று இரண்டு ஷிப்ட். தன்னுடைய ஐந்து பூட்டிய வகுப்பறைகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அங்கே பெஞ்சுகளை அடுக்கிவைத்த பிறகு அவற்றின் மேல் தூசுதான் உட்கார்ந்திருந்தது.

அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை. முக்கால் மணி நேரம் நின்று முன்னால் போனாள். உள்ளே ஒரு எழுத்தர், கழுத்தைச் சுற்றி ஈரக் கைக்குட்டை, கண்ணுக்குக் கீழே பை. தானும் ஒரு எழுத்தர் என்று சொன்னதும் அவர் எழுந்து உள்ளே வரச் சொல்லி, தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"சொல்லுங்கக்கா."

சொன்னாள். பிள்ளை கெட்டிக்காரி என்றாள். ஒரு நாள்தான் பிந்தியது என்றாள். வெளியே வரிசை நெளிந்தபோதும் அவர் அவளை அவசரப்படுத்தவில்லை. அவருடைய பொறுமையே அவளைப் பிடித்துத் தள்ளியது. "தப்பு அவங்க மேல இல்ல. டி.சி. ஒன்பது நாளா என் டிராயர்லதான் இருந்தது. நான்தான் குடுக்காம வச்சிருந்தேன். எங்க ஸ்கூலை மூடிடக் கூடாதுன்னு..."

அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மேசை மேலிருந்த கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"முன்னெல்லாம் நானும் பின்தேதி போட்டுச் சேர்த்தவன்தான்கா. இப்ப பதிவேடு இதுக்குள்ள போயிடுச்சு. பெரிய கிளாஸையெல்லாம் முப்பதாம் தேதி சாயங்காலத்தோட பூட்டிட்டாங்க. நான் தட்டினாலும் எடுக்காது, எங்க ஹெட்மாஸ்டர் தட்டினாலும் எடுக்காது. சாவி யார்கிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது." சற்று நிறுத்தி, "உங்களை மாதிரி இன்னைக்கு மட்டும் பதினொரு பேரு" என்றார். ஜன்னலுக்கு வெளியே யாரோ, "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நாற்காலியை அவரிடம் விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ரேடியோ இருந்த அறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை; இரண்டு வரிசைக்கு முன்பே அவள் குரல் கேட்டது. பக்கத்து அறைக் குழந்தைகள் மூன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று இடுப்பில், ஒன்று காலைக் கட்டிக்கொண்டு, ஒன்று பாயில் தூக்கத்தில். அம்மாக்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள்.

"ஆபீஸ் அக்கா!" என்று ஒரே கூச்சல். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொடங்கினாள். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், எந்தக் குழந்தை எதற்கு அழும், பாலை எவ்வளவு ஆற்றினால் இந்தக் குட்டி குடிக்கும், தம்பிக்கு அந்தப் பள்ளியில் டீச்சர் பெயரே இன்னும் தெரியவில்லை. பேச்சோடு பேச்சாக இடுப்பிலிருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். பதின்மூன்று வயது. முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று ஆபீஸ் அக்கா தேடித் தேடிப் பார்த்தாள். இருந்த மாதிரி தெரியவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு அம்மா வந்தாள். விரல் நுனிகளில் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் ஒட்டிக் கறுத்திருந்தது. டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். ரேடியோ குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கப் போனதும், ஆபீஸ் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்து அன்றே ஆகிவிட்டதை, முத்திரை எங்கும் போகவில்லை என்பதை, உறையையும் டிராயரையும்.

ரேடியோவின் அம்மா திரும்பவில்லை. டீ பொங்கி வழியப் பார்த்தது, தீயைக் குறைத்தாள்.

"ஸ்கூலு?" என்று கேட்டாள்.

"மூடிட்டாங்க."

"அறுபத்தொண்ணு இருந்துமா?"

"இருந்தும்."

டீயை வடிகட்டி ஆற்றி ஒரு டம்ளரை அவள் முன்னால் வைத்தாள். எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அதை இப்ப எதுக்குக்கா என்கிட்ட சொல்றீங்க?"

ஆபீஸ் அக்கா டம்ளரைத் தரையில் அங்கும் இங்கும் நகர்த்தினாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எல்லாத்தையும் அந்தக் கம்பெனி மேல போட்டுட்டு இருந்திருப்பேன். கம்பெனியைத் திட்டறது சுலபம். அதுக்கு முகம் கிடையாது. உங்களைத் திட்ட எனக்கு வாய் வர மாட்டேங்குதே. இவளை முதன்முதல்ல பேர் எழுதிச் சேர்த்ததே நீங்கதானே, அஞ்சு வயசுல?" என்று சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழவில்லை. எட்டு மணி நேரம் காயில் சுற்றிவிட்டு வந்த அலுப்பு. முகத்தை எடுக்காமலே, "டீ ஆறுதுக்கா" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரேடியோதான் வந்து வழியனுப்பினாள். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து பேசினாள். எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. ஆபீஸ் அக்கா தலையைத் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் முழுவதையும் கொட்டினாள். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "கம்பெனியை நீயா தூக்கிட்டுப் போன?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அது எந்தப் பக்கமும் ஒட்டவில்லை.

அடுத்த மாதமே பள்ளியைக் காலி செய்தார்கள். பதிவேடுகளை மூட்டையாகக் கட்டி டெம்போவில் ஏற்றினார்கள். பெரிய சார் மீதி இருந்த காலத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கட்டிடத்தை ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி குடோனுக்கு எடுத்துக்கொண்டது. மெயின் ரோட்டுப் பள்ளியில் ஏற்கெனவே எழுத்தர் இருந்தபடியால், ஆபீஸ் அக்காவைக் கூடுதல் எழுத்தர் என்று சொல்லி விளையாட்டுச் சாமான் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வேலை என்று தனியாக எதுவும் இல்லை. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பாள்.

ரேடியோவை மறு வருடம் சேர்த்துக்கொண்டார்கள். அதே எட்டாம் வகுப்பு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. மாலை ஷிப்ட். காலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதை அவள் விடவில்லை. வீட்டுக்கு அதுவும் தேவையாகிவிட்டது என்று அவளுடைய அம்மா ஒரு தடவை போனில் சொன்னாள். அதற்கப்புறம் போன் வரவில்லை. இவளாகப் போட ஒவ்வொரு வாரமும் கையில் எடுப்பாள். என்ன கேட்பது என்று தெரியாமல் கீழே வைத்துவிடுவாள்.

மெயின் ரோட்டுப் பள்ளிக்குப் போக முதலில் ஒரு பேருந்து இருந்தது. ஐம்பத்தொன்பது பிள்ளைகளையும் அவள்தான் ஏற்றி இறக்குவாள். ஆனால் அது கம்பெனியின் காலை ஷிப்டுக்காக முன்பு விட்ட பேருந்து. மூன்றாம் மாதத்தில் அதையும் நிறுத்தினார்கள். மனு எழுதினாள். பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கினாள். பேருந்து அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தாள். போதுமான பயணிகள் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. வசதி இருந்தவர்கள் பிள்ளைகளை வண்டியில் கொண்டுபோய் விட்டார்கள். சிலர் ஊரைவிட்டே போனார்கள். சில பிள்ளைகள், குறிப்பாக ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, பிறகு வராமலே போனார்கள்.

மிச்சம் இருந்த பதினேழு பேரோடு ஆபீஸ் அக்கா நடக்கிறாள். காலையில் ஏழே காலுக்குக் கிளம்பினால் நேரத்துக்குப் போய்விடலாம். சின்னவர்களின் பையை வாங்கி இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்வாள். மழை வந்தால் தார்ப்பாய் ஒன்றைப் பெரியவர்கள் நாலு மூலையிலும் பிடித்துக்கொள்வார்கள். வழியில் பேருந்து நிறுத்தம் ஒன்று கூரையும் பெஞ்சுமாக இன்னும் இருக்கிறது. கால் வலிக்கிறது என்று பிள்ளைகள் அதில் உட்காரப் பார்ப்பார்கள். அவள் விடமாட்டாள். உட்கார்ந்தால் பஸ் வரும் என்று நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால், அதைத் தாண்டி ஒரு மரத்தடி வரைக்கும் கூட்டிப் போய், அங்கேதான் உட்காரச் சொல்வாள்.